பால்கனியில் உருளைக்கிழங்கு: எங்கள் குடும்பக் குழுவில்

பிரியா: [படம்] சித்தி, கூடைல கிடந்த உருளைக்கிழங்கு முளை விட்டுருச்சு. நட்டா வருமா? தோட்டம்லாம் இல்ல, பால்கனிதான்

செல்வி சித்தி: வரும். வெயில் எவ்ளோ நேரம் விழும்?

பிரியா: காலைலேருந்து மதியம் வரைக்கும்

செல்வி சித்தி: ஆறு மணி நேரம் கிடைச்சா போதும். காலை வெயில்னா ரொம்ப நல்லது. பிற்பகல் வெயில் பட்டா தொட்டி கொதிச்சிடும்

செல்வி சித்தி: விதைக்கிழங்குன்னே கிடைச்சா அதை வாங்கு. சமையலுக்கு வாங்குனதும் வளரும், ஆனா அதோட நோயும் சேர்ந்து வரலாம்

அருண்: அத்தை, அந்த முளை வெள்ளையா நீளமா இருக்கே, பரவாயில்லையா?

செல்வி சித்தி: இருட்டுல கிடந்ததால அப்படி. லேசா தொட்டாலே ஒடிஞ்சிடும். நேர் வெயில் படாத வெளிச்சத்துல வெச்சா குட்டையா தடிமனா வரும், அதான் நல்ல முளை

முரளி மாமா: [வீடியோ] இதைப் பாருங்க. ஒரே டிரம்ல மண்ணை மேல மேல ஏத்தி மூட்டை மூட்டையா எடுக்கறான்

செல்வி சித்தி: அண்ணா, அதை நம்பி டிரம் வாங்கிடாதீங்க. நெறைய ரகத்துல விதைக்கிழங்குக்குக் கொஞ்சம் மேலயே ஒரு அடுக்காதான் பிடிக்கும். ஆளுயரத்துக்கு மண் போட்டா மண்ணுதான் செலவு

பிரியா: அப்போ எவ்ளோ பெரிய தொட்டி?

செல்வி சித்தி: ஒரு செடிக்கு 10 லிட்டர் மண்ணாவது வேணும், ஆழம் ஒரு அடிக்கு மேல. 40 லிட்டர் பைல 3 போடலாம். ஆசைப்பட்டு 6 போட்டா எல்லாம் கோலிக்குண்டா வரும்

செல்வி சித்தி: அடில ஓட்டை இருக்கணும். அரை அடி மண் போட்டு, முளை மேல பாக்கற மாதிரி வெச்சு, 10 செ.மீ. மூடு. செடி முக்கால் அடி வந்ததும் நுனி இலை மட்டும் தெரியற மாதிரி மண் அணைச்சு விடு. பை நிறையற வரைக்கும் இப்படியே

முரளி மாமா: நீயும் மண்ணை ஏத்தத்தானே சொல்ற!

செல்வி சித்தி: கிழங்கு மேல வெளிச்சம் படாம இருக்கத்தான்ணா. பட்டா பச்சையாயிடும்

பாட்டி: [குரல் பதிவு 0:19]

அருண்: பாட்டி சொல்றாங்க, பச்சைக் கிழங்கு கசக்கும், வேக வெச்சாலும் விஷம் போகாதாம். பூ பூத்து தக்காளிக் காய் மாதிரி காய்ச்சா அதையும் யாரும் வாய்ல வைக்கக் கூடாதாம்

செல்வி சித்தி: அம்மா சொல்றது சரி. தக்காளி, கத்தரி, மிளகா எல்லாம் அதே குடும்பம்தான். அதுங்க இருந்த பழைய மண்ணை இதுக்குப் போடாத பிரியா, நோய் தொத்திக்கும்

பிரியா: உரம்?

செல்வி சித்தி: மக்குன தொழு உரமே போதும். யூரியா வேண்டாம், இலைதான் தளதளன்னு நிக்கும். அடுப்புச் சாம்பலையும் அள்ளிக் கொட்டாத, மண்ணுல காரம் ஏறினா கிழங்குத் தோல்ல சொறி விழும்

அருண்: இப்பவே நடலாமா?

செல்வி சித்தி: அங்கதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. மண்ணுக்குள்ள 15லேருந்து 20 டிகிரி இருந்தா நல்லா பிடிக்கும். 30ஐ நெருங்கினா செடி நிக்கும், கீழ ஒண்ணும் இருக்காது. மூணு மாசம் மண்ணு குளிர்ச்சியா இருக்கற சமயமா பாரு. உறைபனியும் ஆகாது

செல்வி சித்தி: கறுப்புத் தொட்டி வேண்டாம். இருக்கறது அதுதான்னா வெள்ளைத் துணி சுத்திடு. மண்ணு மேல காஞ்ச சருகு போடு. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தாத, கிழங்கு வெடிக்கும், நடுவுல பொக்கையாவும் போகும்

பிரியா: எப்போ எடுக்கறது?

செல்வி சித்தி: ரகத்தைப் பொறுத்து 70லேருந்து 120 நாள். இலை மஞ்சளாகி சாய ஆரம்பிச்சதும் தண்ணியை நிறுத்து. ரெண்டு வாரத்துல தோல் கெட்டியாயிடும். அப்புறம் ஒரு தார்ப்பாய்ல அப்படியே கவுத்துடு, தோண்டற வேலையே இல்ல

முரளி மாமா: மண் ஈரமானா பையைத் தூக்கவே முடியாதே

செல்வி சித்தி: ஆமா, அதனால இடத்துல வெச்சிட்டு அப்புறம் மண்ணைப் போடு. அடில ரெண்டு செங்கல் குடு, ஓட்டை அடைபடாது

பிரியா: சரி சித்தி. நாளைக்குப் பையை வெச்சுப் படம் போடறேன், இடம் சரியான்னு பாத்து சொல்லுங்க