விற்பனைப் பிரிவும் பட்டறையும் ஒத்துப்போக என்ன வழி?

கேள்வி (காரைக்குடியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (சிமெண்ட் டைல்) செய்து விற்கும் நிறுவனம் ஒன்றில் மேலாளராகப் பணிபுரிகிறேன். ஆர்டர் எடுப்பவர்கள் காரைக்குடி அலுவலகத்திலும், கல் வார்ப்பவர்கள் ஆத்தங்குடிப் பட்டறையிலும், கட்டி லாரியில் ஏற்றுபவர்கள் கிடங்கிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் ஒரு பிரிவு கொடுத்த வாக்கை அடுத்த பிரிவால் காப்பாற்ற முடிவதில்லை. தை மாதத்தில் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டு வரும் வாடிக்கையாளரிடம், பட்டறையைக் கேட்காமலேயே விற்பனைப் பிரிவினர் தேதி சொல்லிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் உலர்வதற்குக் கூடுதலாகப் பிடிக்கும் நாள்கள் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. கடைசியில் பட்டறையை நெருக்குகிறோம். இறுகுவதற்காகத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கும் கல் போதுமான அளவு ஊறாமலேயே லாரியில் ஏறுகிறது, வழியில் முனை உடைகிறது, பழி கிடங்கின் தலையில் விழுகிறது. வாட்ஸ்அப் குழு தொடங்கினோம், வாரந்தோறும் கூட்டமும் நடத்துகிறோம். இரண்டிலும் யார்மேல் தவறு என்ற பேச்சுதான் நடக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் (பள்ளத்தூர், பட்டறைக் கண்காணிப்பாளர்)

வணக்கம் ஐயா. இது கூட்டம் போட்டுத் தீரும் சிக்கல் அன்று என்பது என் உறுதியான கருத்து. தேதி சொல்லும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் மாற்றுங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் உரிய கலரை ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த மணல் சிமெண்ட் கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டப்படுத்துவது வரை கைவேலை. ஆள் கூடினால் அது விரைவில் முடியும். அதன் பிறகு தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதற்குச் சிமெண்ட் எடுத்துக்கொள்ளும் நாள்களை யாராலும் குறைக்க முடியாது. இதை விற்பனையில் இருப்பவர்கள் காதால் கேட்டால் மனத்தில் நிற்காது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் சில நாள்கள் பட்டறையில் இருக்கச் செய்யுங்கள்.

அடுத்தது கலர். கையால் கலப்பதால் ஒரு கலவைக்கும் மறு கலவைக்கும் நிறத்தில் சற்று வேறுபாடு வரத்தான் செய்யும். முகப்புக்கு வேண்டிய கல்லை முதலில் குறைத்துச் சொல்லிவிட்டு, பாதி பதித்த பிறகு மேலும் கொஞ்சம் கேட்டால், தரையில் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். ஆகவே ஆர்டர் படிவத்தில் அறைவாரியாகச் சதுர அடி, டிசைன், கலர், வெட்டுவதற்கும் உடைவதற்குமான கூடுதல் கல் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். அந்தப் படிவத்தில் பட்டறை மேஸ்திரி கல் தரும் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே முன்பணம் வாங்க வேண்டும். மூன்று பிரிவுகளும் அந்த ஒரே படிவத்தைத்தான் பார்க்க வேண்டும். தனித்தனி நோட்டு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

பதில் (தேவகோட்டை, கணக்குப் பிரிவு)

மேலே சொன்னதோடு ஊக்கத்தொகையையும் பாருங்கள். ஆர்டர் தொகைக்கு ஏற்ப விற்பனையாளருக்கும், கல் எண்ணிக்கைக்கு ஏற்பப் பட்டறைக்கும் பணம் கொடுத்தால், அவரவர் எண்ணிக்கையை அவரவர் காப்பாற்றிக்கொள்வார்கள். முனை உடைந்த கல்லைப் பற்றி இருவருக்கும் கவலை இருக்காது. தர மேலாண்மை அறிஞர் டெமிங் வகுத்த 14 நெறிகளில் ஒன்பதாவது, பிரிவுகளுக்கு இடையிலான தடைகளை அகற்ற வேண்டும் என்பது. எண்ணிக்கை இலக்குகளைக் கைவிட வேண்டும் என்பதையும் அதே பட்டியலில் அவர் சேர்த்திருக்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சொன்ன நாளில், உடையாமல், வாடிக்கையாளர் வீட்டில் இறங்கிய கல்லுக்கு மட்டும் மூன்று பிரிவுகளுக்கும் பொதுவாக ஊக்கத்தொகை கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. படிவத்தை இந்த வாரமே தயார் செய்கிறேன். மேஸ்திரி சொல்லும் தேதி புதுமனை புகுவிழாவுக்குப் பிந்தியதாக இருந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவாரே என்று விற்பனைப் பிரிவினர் கேட்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான்.

பதில் (கோட்டையூர், விற்பனைப் பிரிவு)

எல்லாக் கல்லும் ஒரே லாரியில் போக வேண்டும் என்பதில்லை. விழாவுக்கு எந்தெந்த இடம் கட்டாயம் தயாராக இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடமே கேளுங்கள். பெரும்பாலும் முகப்பையும் சாமி அறையையும்தான் சொல்வார்கள். ஓர் அறைக்கு ஒரே கலவை என்று வைத்துக்கொண்டு அவற்றை முதலில் வார்க்கச் சொல்லி, மற்ற அறைகளுக்கான கல்லைப் பிறகு அனுப்பலாம். ஆனால் எந்த அறை முதலில் முடியும் என்பதை மேஸ்திரியை அருகில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே முடிவு செய்யுங்கள்.