மறுமொழி: இசையில் சாம்ப்ளிங்: ‘மாதிரி’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> சாம்ப்ளிங்குக்கு ‘மாதிரியெடுப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

நான் சொல்லும் சாம்ப்ளிங், பழைய ஒலிப்பதிவின் துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் வைப்பது. ‘மாதிரியெடுப்பு’ புள்ளியியலில் இருக்கிறது, ஒலிப்பொறியியலிலும் இருக்கிறது. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று எழுதினால் யாரும் குழம்புவதில்லை. ஆனால் ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிரிட்டிஷ் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் ‘கலா’ இசைத்தொகுப்பின் முதல் பாட்டில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டை ‘மாதிரியெடுத்தார்’ என்று எழுதிப் பாருங்கள். அதைப் பார்த்து அதே மாதிரி இன்னொரு மெட்டுப் போட்டார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அங்கே கேட்பது இளையராஜாவின் ஒலிப்பதிவேதான். மெட்டை உருவுவதற்கு நம்மிடம் ‘சுட்டுட்டான்’ என்று ஊரறிந்த சொல் உண்டு. இது வேறு வேலை.

இந்த வேறுபாட்டை நான் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம், பாட்டுக்கு இரண்டு உரிமை இருப்பது. மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க ராப் குழுவினர் 1992இல் ஜேம்ஸ் நியூட்டன் என்ற ஜாஸ் கலைஞரின் புல்லாங்குழல் பதிவிலிருந்து ஆறு நொடியை வெட்டி, ஒரே பாட்டில் நாற்பது தடவைக்கு மேல் ஓடவிட்டார்கள். ஒலிப்பதிவுக்கான உரிமத்தை ஈசிஎம் என்ற ஜெர்மன் இண்டி லேபிளிடம் (பெரிய நிறுவனங்களைச் சாராத இசை வெளியீட்டகம்) வாங்கிவிட்டார்கள், மெட்டுக்கு வாங்கவில்லை. நியூட்டன் வழக்குப் போட்டார். அந்த ஆறு நொடியில் அவருடைய மெட்டாக இருந்தது மூன்றே சுரம், அது வழக்குக்குப் போதாது என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, அதே மூன்று சுரத்தை வேறொருவரை வைத்து வாசித்திருந்தால்? ஈசிஎம்மிடம் போயிருக்கவே வேண்டாம். ஆக, வெட்டி எடுப்பதற்கு ஒரு சொல், திரும்ப வாசிப்பதற்கு இன்னொரு சொல் வேண்டும். பின்னதை ஆங்கிலத்தில் இன்டர்பொலேஷன் என்கிறார்கள். அதற்கு ‘இடைச்செருகல்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பழைய நூலில் பிறர் நுழைத்த பாட்டைக் குறிக்க அதைச் சுவடிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘மீளிசைப்பு’ என்கிறேன்.

> ‘ஒலித்திருட்டு’ என்று பச்சையாகவே சொல்லலாமே ஐயா?

1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான சாம்ப்ளிங் வழக்கில் நியூயார்க் நீதிபதி டஃபி உங்கள் கட்சிதான். தீர்ப்பையே ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற வேத வசனத்தில் தொடங்கினார். 2005இல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றமும் அந்தப் பக்கமே நின்றது. ஃபங்கடெலிக் என்ற அமெரிக்கக் குழுவின் கிதார் பதிவிலிருந்து இரண்டு நொடி எடுத்து, சுருதியைக் கீழிறக்கி, பதினாறு தாள அடிக்கு நீட்டி, ஒரு ராப் பாட்டில் ஐந்து இடத்தில் வைத்திருந்தார்கள். உரிமம் வாங்கு, இல்லாவிட்டால் எடுக்காதே என்று அந்த நீதிமன்றம் முடித்தது. ஆனால் மடோனா பாட்டில் வேறொரு பதிவிலிருந்து எடுத்து வைத்த 0.23 நொடி ஊதுகொம்பு ஒலியை 2016இல் வேறொரு நீதிமன்றம் குற்றமாகப் பார்க்கவில்லை. காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட்டால் மீறலில்லை என்றது 2019இல் கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னிசைக் குழுவின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம். நீதிபதிகளே ஆளுக்கொரு பக்கம் நிற்கும்போது கலைச்சொல் எதற்குத் தீர்ப்பு எழுத வேண்டும்?

அதனால் என் பரிந்துரை ‘ஒலி எடுத்தாளல்’. நூலில் மேற்கோளை எடுத்தாள்கிறோம். அனுமதி கேட்டும் செய்கிறோம், கேட்காமலும் செய்கிறோம். எடுப்பதும் ஆள்வதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. எடுத்த பொருள் ‘ஒலித்துணுக்கு’. (வாரப்பத்திரிகைத் துணுக்கு நினைவுக்கு வந்தால் வரட்டும், அதுவும் சின்னதுதானே.) உரிமையாளரிடம் அனுமதி வாங்கும் கிளியரன்ஸுக்கு ‘இசைவு’, இசையும் உள்ளே உட்கார்ந்திருப்பது நம் அதிர்ஷ்டம்.

> நீளமாக இருக்கிறது. ஸ்டூடியோவில் யார் சொல்வார்கள்?

யாரும் சொல்ல மாட்டார்கள், ‘சாம்பிள் பண்ணியிருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு இது வேண்டியிருப்பது ஒப்பந்தத்தில். பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் படையே இருக்கிறது. இண்டி லேபிளுக்கு இரண்டு பக்கத் தாள்தான். டாமி பாய் என்ற சிறு நிறுவனம் 1989இல் வெளியிட்ட, டி லா சோல் என்ற ராப் குழுவின் முதல் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இசைவுத் தாள்களை எழுதியபோது இணையம் யார் கண்ணிலும் படவில்லை. அதனால் அந்தத் தொகுப்பு ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2023 மார்ச்சில்தான். தமிழில் எழுதும் தாளிலாவது எதை எடுத்தோம், பதிவையா மெட்டையா, எந்தெந்த ஊடகத்துக்கு என்பது தெளிவாக இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ஒரு துணுக்கைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் ‘லூப்’பைத் தனியாக எடுப்போம், ‘வளையம்’ என்று எழுதியதற்கே எங்கள் தாளக்காரர்கள் சிரிக்கிறார்கள்.