மில்க் டொபியும் நான்கு வயதுப் பேரனும்

கடலோரம் (வெள்ளவத்தை):
கொட்டாஞ்சேனை மாமா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 4 வயதுப் பேரனின் முன்னால் ஒரு மில்க் டொபியை வைத்து, 15 நிமிடம் தொடாமல் இருந்தால் இன்னொன்றும் தருவதாகச் சொன்னாராம். மூத்தவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சின்னவன் 2 நிமிடத்தில் வாயில் போட்டுவிட்டானாம். ஆகவே அந்த அவசரம் தாய்வழி இரத்தமாம். இதை உளவியலாளர் வால்டர் மிஷெல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், பிள்ளைகளின் முன்னால் மார்ஷ்மெலோ என்ற இனிப்பை இப்படியே வைத்து எப்போதோ நிரூபித்துவிட்டாராம். ஐயா, 2013இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, நல்ல வர்ணப் பொருட்கள் கொண்டுவருவதாகச் சொல்லி, ஒரு பாதியினருக்குக் கொண்டுவந்தும் மறுபாதியினருக்குக் கைவிரித்தும் பார்த்த பிறகே இனிப்பை வைத்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். காலிமுகத்திடலுக்குப் பட்டம் விடக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போகாததையும் சென்ற மாதம் நீங்கள்தானே எழுதினீர்கள்?

கொட்டாஞ்சேனை மாமா:
அன்று பெய்தது மழை, பொய் அல்ல. 34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பாடம் எடுக்க வேண்டாம். மூத்தவனுக்கும் அதே தாத்தாதான், அதே ஏமாற்றம்தான். அவன் 4 வயதில் பொறுமையாக இருந்தானே.

கடலோரம்:
மூத்தவன் பொறுமையாக இருந்தானா, பார்த்துக்கொண்டு நின்றானா என்பதல்ல கேள்வி. அவன் வாசலில் நின்றானா, அறைக்குள் நின்றானா? அண்ணன் எட்டிப் பிடுங்கக்கூடிய தூரத்தில் நிற்கும்போது தன் துண்டை உடனே விழுங்குகிற தம்பி அவசரக்காரன் அல்லன், அனுபவசாலி. அதோடு மத்தியானம் சாப்பிட்டானா, தூங்கினானா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. இரத்தம் ஒன்றைத்தான் எழுதினீர்கள், அதுவும் மருமகளின் இரத்தத்தை. இரண்டு பிள்ளைகளுக்கும் தாய் ஒருவர்தானே?

கணக்காளர்:
முதலில் ‘காரணம்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளலாமா? பிளேன்டீயின் நிறம் தேயிலையாலா, சுடுநீராலா என்று பங்கு பிரிக்க முடியாது. இயல்பு, பசி, நம்பிக்கை, அருகில் நிற்பவர் ஆகிய யாவும் ஒன்றோடொன்று ஊறித்தான் நடத்தை வருகிறது. ஒன்றின் வலிமையே மற்றதைப் பொறுத்து மாறும்.

கொட்டாஞ்சேனை மாமா:
தேத்தண்ணீர்க் கடை வேறெங்கும் இல்லையா? அவன் வாசலில்தான் நின்றான்.

தெகிவளைத் தம்பி:
2018இல் வேறு ஆய்வாளர்கள், இதே போன்ற இனிப்புச் சோதனைக்கு உட்பட்ட 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பொறுத்த பிள்ளைகள் 15 வயதில் ஓரளவு கூடுதலான புள்ளிகள் பெற்றிருந்தாலும், குடும்பப் பின்னணியையும் தொடக்கத் திறமைகளையும் கணக்கில் எடுத்தவுடன் அந்தத் தொடர்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை மாமா:
மூன்றில் ஒன்று மிஞ்சியதல்லவா! அதைத்தான் நான் இரத்தம் என்கிறேன்.

கடலோரம்:
மிஞ்சியதற்கெல்லாம் இரத்தம் என்று பெயர் வைப்பதானால், என் மாதச் செலவில் கணக்குக்கு வராததையும் மாமியாரின் இரத்தத்தில் எழுதிவிடலாம். டியூஷன் விவாதத்திலும் இப்படித்தான், ஒரே மாணவனை வைத்துத் தலைமுறையையே அளந்தீர்கள். அன்றும் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வாசல் என்றால் நிலைக்கு உள்ளேயா, வெளியேயா?

கொட்டாஞ்சேனை மாமா:
டியூஷனை இங்கே இழுப்பது தோல்வியின் அடையாளம். அந்த மில்க் டொபி என் மனைவி செய்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பிடுங்கித் தின்பதில்லை.

தெகிவளைத் தம்பி:
மாமியின் கைப்பக்குவம் என்றால் நானும் 2 நிமிடம் தாங்கமாட்டேன். கசுக்கொட்டை போட்டதா?

கடலோரம்:
தம்பி, பேச்சை மாற்றாதீர்கள். உள்ளேயா, வெளியேயா?

கொட்டாஞ்சேனை மாமா:
ஒரு கால் உள்ளே இருந்தது. அதனால் என்ன?