ஹெரால்ட் பின்சக்கரம் இரண்டும் சாய்ந்து நிற்கிறது, ஸ்பிரிங் பட்டை எங்கே கிடைக்கும்? அவசரம்

ஹெரால்ட் பேரன்
வணக்கம். தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். பின்சக்கரம் இரண்டும் சாய்ந்து நிற்கிறது. பட்டை போய்விட்டது, புதிது வாங்கி வாருங்கள் என்கிறார் மெக்கானிக். இங்கே எந்தக் கடையிலும் இல்லை. முன்னால் இடதுபக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிரீச் என்று சத்தம் வேறு, திருப்பவும் கனமாக இருக்கிறது. அடுத்த மாதம் வண்டி ஓடியாக வேண்டும். பட்டையும் முன்பக்கச் சாமானும் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

திருச்சி ஸ்பேனர்
எந்த வருஷ வண்டி, இரண்டு கதவா நான்கு கதவா, எந்த ஊர்? சாய்ந்து என்றால் எப்படிச் சாய்ந்து? சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே வந்திருக்கிறதா, கீழ்ப்பக்கம் உள்ளே போயிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய். பின்னாலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

அம்பாசிடர் அண்ணாச்சி
தம்பி, பட்டையை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டைப் பாருங்கள். முப்பது வருஷமாக அம்பாசிடர் வைத்திருக்கிறேன். பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் யு போல்ட், அப்புறம் ஷேக்கிள் புஷ் (பட்டை முனையின் இணைப்பு), கடைசியில்தான் பட்டை. முன்னால் சத்தம் வருவது சக்கரம் திரும்பும் ஆணியான கிங் பின். நன்றாக கிரீஸ் அடித்து நாலு நாள் ஓட்டுங்கள், தானாக அடங்கிவிடும்.

ரேடியல் ராஜா
என்ன டயர் போட்டிருக்கிறீர்கள்? அந்த வண்டிக்கு வந்தது 5.20-13 சைஸ் பழைய பயாஸ் டயர். இப்போது எல்லாரும் 155/80 ஆர்13 ரேடியல் மாட்டுகிறார்கள். ஒரு பக்கம் காற்று குறைந்தாலே ஸ்டியரிங் கனத்துவிடும். பாதிப் பிரச்சினை டயரில்தான் இருக்கும்.

வண்டலூர் 61
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் பழைய வண்டியைத் தொடக்கூடாது. அண்ணாச்சி, ஹெரால்டில் ஷேக்கிளே கிடையாது. அம்பாசிடரில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டை கிடையாது, ஒரே பட்டைதான், டிஃபரன்ஷியலுக்கு (பின்னால் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) மேலே குறுக்காகக் கிடக்கும். இரண்டு முனையும் இரண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கும். இதுகூடத் தெரியாமல் ஆலோசனை சொன்னால் கேட்கிறவரின் காசுதான் வீண்.

அம்பாசிடர் அண்ணாச்சி
உதவி செய்ய வந்தேன், திட்டு வாங்க வரவில்லை. கிங் பின் விஷயத்தில் என் பேச்சில் மாற்றம் இல்லை.

காயலான் கடை
பட்டைக்கு: சென்னை புதுப்பேட்டையில் உள்பக்கச் சந்துகளில் இரண்டு நாள் அலைந்தால் பழையது கிடைக்க வாய்ப்பு உண்டு. ஜி.பி. ரோடு கடைகளில் நேரம் செலவிட வேண்டாம், அங்கே இப்போது ஓடும் வண்டிகளின் சாமான்தான். ஆனால் புதுப்பேட்டையில் கெஸல் (இதே கம்பெனியின் அடுத்த கார்) பட்டையை ஹெரால்டு என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை. 1972-ல் வந்த கெஸலில் பின்பக்கம் முழுவதும் வேறு, ஒரே அச்சாக வரும். ஹெரால்டில் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் அச்சு. மாட்டவே மாட்டாது.

ஹெரால்ட் பேரன்
நன்றி. வண்டி 1969, நான்கு கதவு, மார்க் 3. ஊர் கும்பகோணம். சக்கரத்தின் கீழ்ப்பக்கம் உள்ளே போயிருக்கிறது, மேல்பக்கம் வெளியே தள்ளி நிற்கிறது. படம் ராத்திரி போடுகிறேன். அப்பாவுக்கு அடுத்த மாதம் சஷ்டியப்தபூர்த்தி, திருக்கடையூருக்கு அவரை இந்தக் காரில் அழைத்துப் போக வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அவர் பள்ளிக்கூடம் போனதே இந்த வண்டியில்தான். அதனால்தான் அவசரம்.

திருச்சி ஸ்பேனர்
கீழ்ப்பக்கம் உள்ளே என்றால் பட்டை போகவில்லை! பட்டை தளர்ந்தால் வண்டியின் பின்பாகம் இறங்கும், அப்போது சக்கரத்தின் மேல்பக்கம்தான் உள்ளே சாயும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. அதாவது பின்பாகம் தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. இரண்டு கேள்வி. ஒன்று, கடைசியாக ஜாக்கி போட்டு இறக்கிய பிறகு வண்டியை நகர்த்தினீர்களா? ஹெரால்டை ஜாக்கியில் தூக்கினால் சக்கரங்கள் தொங்கி உள்ளே மடங்கும், இறக்கினாலும் டயர் தரையைப் பற்றிக்கொண்டு அப்படியே மடங்கி நிற்கும், நாலு அடி முன்னும் பின்னும் தள்ளினால்தான் நேராகும். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் அச்சு முறிந்துவிட்டது என்று பயப்படுவார்கள், நானும் பயந்தேன். இரண்டு, இப்போது வண்டிக்குள் என்னென்ன இருக்கிறது? சீட், டேங்க், கண்ணாடி எல்லாம் உள்ளேயா வெளியேயா?

சேஸிஸ் சேகர்
எல்லாரும் பட்டையையே பார்க்கிறீர்கள். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ், அதிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டிருக்கும், அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பார்கள். காவிரிக்கரை ஈரத்தில் அந்தக் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். கதவு தூக்கினால்தான் மூடுகிறதா பாருங்கள். ஆமாம் என்றால் டிங்கரிங் வேலையை முதலில் முடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஹெரால்ட் பேரன்
கதவு நன்றாக மூடுகிறது. ஆமாம், சீட், பெட்ரோல் டேங்க், பின் கண்ணாடி எல்லாம் பெயிண்டுக்காகக் கழற்றியிருக்கிறோம். ஜாக்கி போட்டது போன வாரம், அதற்கப்புறம் நகர்த்தவில்லை. சொல்ல மறந்துவிட்டேன், இரண்டு மாதம் முன்னால் பட்டையைக் கழற்றி லாரிப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி, பலத்துக்கு ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டோம்.

திருச்சி ஸ்பேனர்
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். அந்தக் கூடுதல் பிளேட்டை முதலில் எடுத்துவிடுங்கள். லாரிக்குப் பட்டையில் பலம் வேண்டும், இந்த வண்டிக்குச் சரியான உயரம் வேண்டும். பின்பாகம் உயர்ந்தபடி ஓட்டினால் வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கிக் கார் பின்னால் சிலுப்பும், நடு வளைவில் பயந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். உங்கள் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து ஓட்டப்போகிறீர்கள். தயவுசெய்து இதில் சமரசம் வேண்டாம்.

பிளேட்டை எடுத்த பிறகு டேங்கையும் சீட்டையும் மாட்டி, பின் சீட்டில் இரண்டு பேரை ஏற்றி, வண்டியை நன்றாக முன்னும் பின்னும் தள்ளிவிட்டு அப்புறம் பாருங்கள். சக்கரம் ஏறக்குறைய நேராக வந்தால் புதுப் பட்டை வேண்டவே வேண்டாம். ஆள் இல்லாதபோது லேசாகக் கீழ்ப்பக்கம் உள்ளே இருப்பது இந்த வண்டிக்கு இயல்புதான்.

வண்டலூர் 61
நான் சொல்ல வந்ததும் இதுதான். இனி முன்பக்கம். அது கிங் பின் அல்ல. கீழே ஒரு பித்தளைக் கட்டை இருக்கும், டிரனியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி அந்தப் பித்தளைக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுற்றும். கம்பெனிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: அதற்குள் 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும். கிரீஸ் அல்ல. நம் மெக்கானிக்குகள் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுத்துவிடுகிறார்கள். கனமும் சத்தமும் அதனால்தான்.

கிரீஸ் கன்
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணெய் போட்டால் ஒரே மழையில் ரப்பர் சீல் வழியாக ஒழுகிப் போய்விடும், தரையெல்லாம் எண்ணெய். அதற்குப் பிறகு மரை காய்ந்து கிடக்கும். நல்ல மெல்லிய கிரீஸை மாதம் ஒருமுறை அடித்தால் பழையதைத் தள்ளிக்கொண்டு புதியது வரும். என் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை.

அம்பாசிடர் அண்ணாச்சி
அம்பாசிடர் முன்பக்கத்திலும் மரை போட்ட புஷ் உண்டு, அதற்கு கிரீஸ்தான். ஊரெல்லாம் அப்படித்தான் ஓடியது.

வண்டலூர் 61
அம்பாசிடரை இதில் இழுக்காதீர்கள். அது வேறு அமைப்பு. இங்கே தண்டு செங்குத்தாக நிற்கிறது, மரையின் அடிவரை மசகு இறங்க வேண்டும், எண்ணெய் இறங்கும், கிரீஸ் மேலேயே நின்று நாளடைவில் கட்டியாகும். அடியில் தண்ணீர் தேங்கி இரும்பு மரை துருப்பிடிக்கும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு அடியில் பட்டென்று முறியும், சக்கரம் மல்லாந்துவிடும். இது கற்பனை அல்ல, இங்கிலாந்தில் டிரையம்ப் (ஹெரால்டின் அங்கத்துப் பெயர்) வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நோய்.

கிரீஸ் கன்
மாதாமாதம் அடித்தால் கட்டியாகாது என்றுதான் சொல்கிறேன். அடிக்காமல் விட்டால் எண்ணெயும் காப்பாற்றாது. நீங்கள் சொல்லும் முறிவு எல்லாம் பராமரிக்காத வண்டியில் நடந்தது.

வண்டலூர் 61
வண்டியை வடிவமைத்தவர்கள் எழுதியதை விடவா உங்கள் அனுபவம் பெரியது?

கும்மிடிப்பூண்டி மாமா
இருவரும் நிறுத்துங்கள். பையன் கேட்டது சாமான் எங்கே கிடைக்கும் என்று. தம்பி, உங்கள் வண்டி 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு, இங்கே 1961-லிருந்து வண்டலூர் தொழிற்சாலையில் செய்தார்கள். 948 சிசி எஞ்சின் அதே குடும்பம்தான். அதனால் ஸ்டாண்டர்ட் என்று தேடாமல் டிரையம்ப் ஹெரால்ட், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று தேடுங்கள். கான்லி கிளாசிக்ஸ், ரிம்மர் பிரதர்ஸ் என்று அங்கே கடைகள் இருக்கின்றன, டிரனியன், நைலான் புஷ், சீல் எல்லாம் புதிதாகவே கிடைக்கும். இடதுபக்கமும் வலதுபக்கமும் வேறு வேறு, மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும், ஆர்டர் செய்யும்போது எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். முன்பக்க பாகங்களில் ஆரம்பகால வண்டிக்கும் பிந்தைய வண்டிக்கும் வித்தியாசம் வரலாம், பழையதைக் கழற்றி அளவெடுத்துப் படத்தோடு கேட்டு உறுதிசெய்துகொண்டு பணம் கட்டுங்கள். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து சாமான் விலைக்குச் சமமாக வந்துவிடும், தயாராக இருங்கள். ஒரு மாதத்துக்குள் வருமா என்பது சுங்கத்தில் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கவனம்: நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும் செய்தது. பின்கதவு, அதன் கண்ணாடி, ரப்பர் பீடிங் எதுவும் இங்கிலாந்தில் கிடைக்காது. கழற்றிய கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றிப் பூட்டி வையுங்கள். அது உடைந்தால் காயலான் கடைதான் கதி.

கோவை லேத்
பித்தளைக் கட்டையை இங்கே லேத்தில் கடைந்து தரலாம், கன்மெட்டலில் செய்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் இரும்புத் தண்டை லேத்தில் செய்யச் சொல்லாதீர்கள். அது ஃபோர்ஜிங் (காய்ச்சி அடித்து உருவாக்கியது), நாங்கள் ராடில் கடைந்து தந்தால் உயிருக்கு ஆபத்து. துருப்பிடித்த தண்டுக்கு வெல்டிங்கும் வேண்டாம்.

திருச்சி ஸ்பேனர்
ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா? அதையும் பார்த்துவிடுங்கள். ஐம்பது வருஷம் தாண்டியதால் 2021 விதிப்படி வி.ஏ. வரிசை நம்பரில் வின்டேஜ் பதிவுக்கும் போகலாம், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ஓட்டலாம். குடும்பத்தோடு கோயிலுக்குப் போக அது இடம் தராது. சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே உங்களுக்கு நல்லது.

கிரீஸ் கன்
எண்ணெய்க் கட்சிக்காரர்கள் யாராவது மழைக்காலத்தில் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

காயலான் கடை
பேரன், பட்டை எடுத்தாயிற்றா? படம் எங்கே?

திருச்சி ஸ்பேனர்
மூன்று வாரம் ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஹெரால்ட் பேரன்
மன்னிக்கவும், விழா வேலையில் வர முடியவில்லை. கூடுதல் பிளேட்டை எடுத்து, டேங்க், சீட் மாட்டி, சித்தப்பாவையும் அவர் மகனையும் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தோம். சக்கரம் நேராகிவிட்டது. பட்டை வாங்கவில்லை. முன்னால் இடதுபக்கம் கழற்றினோம், பித்தளைக்குள் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது, தண்டின் அடி மூன்று மரை துருவில் அரித்துப் போயிருந்தது. இங்கிலாந்தில் ஆர்டர் கொடுத்தேன், இன்னும் வரவில்லை. அதனால் திருக்கடையூருக்கு வேறு காரில் போனோம். கிளம்பும் முன் அப்பா ஹெரால்டில் ஸ்டியரிங் பக்கம் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் நன்றி.

கிரீஸ் கன்
கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தது?

ஹெரால்ட் பேரன்
தாத்தா இறந்த பிறகு யாரும் அடிக்கவில்லை. 1994.

கும்மிடிப்பூண்டி மாமா
தம்பி, வலதுபக்கத்தையும் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் இப்படி என்றால் மறுபக்கமும் அதே வயதுதான். ஆர்டர் இன்னும் கிளம்பவில்லை என்றால் அதையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள், ஒரு கூரியர் செலவு மிச்சம்.