ஸ்டேட் போர்ட்ரெய்ட்: ‘கொற்றப்படம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மன்னரின் அதிகாரத்தைக் காட்ட வரையும் அதிகாரபூர்வ உருவப்படமான ‘ஸ்டேட் போர்ட்ரெய்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ராணுவ உடையில் மன்னர் நிற்கும் ஓவியத்தை மனத்தில் வைத்து நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘சீருடைப்படம்’ எனக்கு ஒட்டவில்லை. கேட்டதும் பள்ளி அடையாள அட்டைதான் கண்ணில் வருகிறது. உடையை வைத்துப் பெயரிட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜை ஆலன் ராம்சே வரைந்தது முடிசூட்டு அங்கியில். ஆனாலும் அது இதே வகைப் படம்தான். ராம்சேயின் பட்டறை அதற்கு 100க்கும் மேற்பட்ட படிகள் எடுத்துத் தூதர்களுக்கும் ஆளுநர்களுக்கும் கொடுத்தது. மன்னர் போகாத இடத்தில் அவருக்குப் பதிலாக நிற்பதுதான் இதன் வேலை. சோழர் மெய்க்கீர்த்தியை ஊர் ஊராகக் கல்லில் வெட்டினார்களே, கிட்டத்தட்ட அப்படி.

ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை மாக்ஸ் கோனர் 1890இல் வரைந்தது பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்துக்காக. மார்புக்கவசம், தோளில் மேலங்கி, கையில் கோல், முறுக்கிய மீசை. 1871இல் ஜெர்மானியரிடம் தோற்ற தேசத்தின் தலைநகரில் மாட்டுவதற்கு! ‘இது உருவப்படம் அல்ல, போர் அறிவிப்பு’ என்று ஒரு பிரெஞ்சுத் தளபதி சொன்னதாகப் பேச்சு உண்டு. நம் சொல்லில் அந்த மிடுக்கு கொஞ்சமாவது ஒலிக்க வேண்டாமா?

‘அரசு ஓவியம்’ என்றால் அரசு அலுவலகச் சுவரில் தொங்கும் முதலமைச்சர் படம் நினைவுக்கு வரும். (அதுவும் செய்வது இதே வேலைதான், அது வேறு கதை.) ‘கொலுப்படம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொலு என்றால் அரசன் அவையில் வீற்றிருப்பது. ஆனால் இன்று யாரிடம் சொன்னாலும் நவராத்திரிப் படிக்கட்டும் சுண்டலும்தான்.

அதனால் ‘கொற்றப்படம்’ என்று வைக்கலாமா? வெண்கொற்றக்குடையில் இருக்கும் அதே கொற்றம்.

—

கொற்றம் என்றால் வெற்றியும்தானே ஐயா? வின்டர்ஹால்டர் 1865இல் வரைந்த ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபைப் பாருங்கள். வெள்ளை மேற்சட்டை, சிவப்புக் காற்சட்டை, ஃபீல்டு மார்ஷலின் முழு அலங்காரம். ஆனால் 1859இல் சோல்ஃபெரினோவில் தாமே படை நடத்தித் தோற்றவர் அவர். படம் வரைந்த மறு ஆண்டே பிரஷ்யாவிடமும் தோல்வி. அவருக்கா கொற்றம்?

—

அம்மா, கொற்றத்துக்கு அரசாட்சி என்ற பொருளும் அகராதியில் உண்டு. அவர் 1848 முதல் 1916 வரை அரியணையில் இருந்தார். வெற்றி என்றே கொண்டாலும் பரவாயில்லை. வரைந்தவர் களத்தில் நடந்ததையா வரைந்தார்? தம்மைப் பற்றி மற்றவர்களுக்கு எது தெரியவேண்டும் என்று அரசர் விரும்பினாரோ அதைத்தான் வரைந்தார். சொல்லும் அந்தப் பாசாங்கைச் சுமக்கட்டும்.

—

இருவருக்கும் சரி என்றால் எனக்கும் சரி. ஒன்றே ஒன்று: நேற்று இதைத் தட்டச்சு செய்தபோது இரண்டு முறை ‘குற்றப்படம்’ என்று விழுந்தது. மெய்ப்புப் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.