மூணு சாக்கு பழைய துணி: கொடுத்தால் எங்கே போகிறது?

மாடிவீட்டுக்காரி:
பீரோவைத் திறந்தால் துணி தலையில் விழுகிறது. ஒதுக்கியதில் மூணு சாக்கு சேர்ந்துவிட்டது. முன்பு தெருவில் ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவிக்கொண்டு வருவார்கள். நாலு புடவைக்கு ஒரு தூக்குவாளி, அதற்கும் அரைமணி நேரம் பேரம். இப்போது அந்தக் குரலே இல்லை. போன வருடம் ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் என் மஞ்சள் சுடிதார் அவர்கள் வாசலிலேயே மழையில் ஊறிக் கிடக்கிறது. நிஜமாகவே இதனால் யாருக்காவது பலன் உண்டா?

தையல்மிஷின்:
உடுத்த முடிகிறதைத் துவைத்துத் தனியாகக் கட்டுங்கள். கூஞ்ச் என்ற அமைப்பு, 1999-இல் டெல்லியில் ஆரம்பித்தது, துணியைச் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. கிராமத்தார் குளம் தூர்வாரினால், பாதை போட்டால், அதற்கு ஈடாகத் துணி. நைந்த பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்க்கான நாப்கினும் தைக்கிறார்கள்.

பல்லடத்தான்:
அக்கா, கிழிசல் சாக்கைப் பற்றி நான் சொல்கிறேன். பல்லடம் பக்கம் ஓ.இ. மில்லில், அதாவது கழிவுப் பஞ்சில் நூல் நூற்கிற மில்லில், பதினெட்டு வருசமாக வேலை. எங்கள் சரக்கு பெரும்பாலும் திருப்பூர் கட்டிங் வேஸ்ட்தான், பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணி. குடோனில் பெண்கள் உட்கார்ந்து கலர் பிரிப்பார்கள். நமக்குச் சிவப்பு என்றால் சிவப்பு. அவர்கள் கையில் அது ஐந்தாறு குவியலாகும். அந்தப் பிரிப்பில்தான் காசே இருக்கிறது. முள் உருளை துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும், சிவப்புத் துணியில் சிவப்பு நூலே வரும், திரும்பச் சாயம் ஏற்ற வேண்டாம். இது எவ்வளவு பெரிய விசயம் என்று நொய்யல் ஆற்றங்கரைக்காரனைக் கேளுங்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எங்கள் ஊர்ப்பக்கம்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கிழித்த பஞ்சில் இழை குட்டை. புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்தால்தான் நூல் நிற்கும். அதில் மெல்லிய சட்டை வராது. மிதியடி, கையுறை, ஜமுக்காளம், இப்படித்தான். அதிலும் கட்டிங் வேஸ்ட் மாதிரி சுலபமில்லை உடுத்திய துணி. பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் கையால் அறுத்தெடுக்க வேண்டும். லைக்ரா கலந்த லெக்கின்ஸ் இழுபட்டு இழுபட்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை ஒரு ஜீன்ஸ் பாக்கெட்டில் கிடந்த சாவி உள்ளே போய்ப் பொறி பறந்து, பஞ்சு பற்றிக்கொண்டது. அந்த ஷிப்ட் முழுக்கத் தண்ணீர் ஊற்றியதுதான் வேலை.

அதனால் பருத்தியைத் தனியாகப் போடுங்கள். பாக்கெட்டைப் பாருங்கள். ஈரத்தோடு மட்டும் கட்டிவிடாதீர்கள், ஒரு துணியில் பூஞ்சை பூத்தால் சாக்கே வீண். அப்படிப் பூத்த சாக்கோடுதான் உங்கள் மஞ்சள் சுடிதாரையும் வெளியே போட்டிருப்பார்கள்.

தையல்மிஷின்:
சாக்கில் பழைய பட்டுப்புடவை ஏதும் போயிருந்தால் எடுத்துவிடுங்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கும், அதற்கென்றே எடைபோட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

மாடிவீட்டுக்காரி:
சாக்கை எல்லாம் மறுபடி கொட்டிப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பட்டு இல்லை. அவருடைய பேன்ட் பாக்கெட்டில் ஒரு ஐந்நூறு ரூபாய் கிடைத்தது. 2016-க்கு முந்தின நோட்டு.