கண்டன்சர் ரீஃபார்மிங்: 'ஏடுகட்டல்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கண்டன்சர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு. பல வருடம் சும்மா கிடந்த கண்டன்சருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் ஏற்றி மறுபடி வேலைக்குக் கொண்டுவருவதை 'ரீஃபார்மிங்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். சீர்திருத்தம், மீளுருவாக்கம், படலமீட்பு என்று மூன்று சொற்கள் வந்தன. யோசித்து எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் வேலையில் உட்கார்ந்தபோது எனக்கு வேறொரு சொல் வந்துவிட்டது: ஏடுகட்டல்.

திசையன்விளையில் மாமா வீட்டு மச்சில் கிடந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்) டிவியைத்தான் இப்போது பிரித்து வைத்திருக்கிறேன். மரப்பெட்டி, 20 இஞ்சு பிக்சர் டியூப், உள்ளே பிஎல்504 மாதிரி வால்வுகள். 1982இல் இலங்கையின் ரூபவாகினி டிவி தொடங்கிய பிறகு, மொட்டைமாடியில் உயரமான ஆன்டெனா நட்டு, தெருவே கூடி இலங்கைப் படம் பார்த்த பெட்டி இது. மாமா போனதும் மேலே ஏறியது, நான் இறக்கும்வரை இறங்கவில்லை.

வள்ளியூரில் இருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன். "தம்பி, எடுத்த எடுப்புல 230 வோல்ட்டைக் கொடுத்திராதிய. கண்டன்சர் செத்துக் கெடக்கும். மெதுவா உசுரு வரணும்" என்றார்.

அந்த 'உசுரு' என்ன என்பதில்தான் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது. 200+200 மைக்ரோஃபாரட் (ஒரே குவளையில் இரண்டு கண்டன்சர்), 350 வோல்ட் என்று மேலே எழுதிய அலுமினியக் குவளைக்குள் சுருட்டிய தகடு இருக்கிறது. தகட்டின் மேல் ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். அதுதான் மின்காப்பு. ஒரு வோல்ட்டைத் தாங்க ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் கனம் வேண்டும். 350 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் அரை மைக்ரான்தான் வருகிறது. பல வருடம் கரன்ட் பார்க்காமல் கிடந்தால் அந்தத் தோல் மெலிந்துவிடும். அப்போது முழு வோல்ட்டைக் கொடுத்தால் கரன்ட் கசிந்து, சூடேறி, குவளையே வெடிக்கலாம்.

அதனால் கண்டன்சரைக் கழற்றி வெளியே எடுத்து, 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 50 வோல்ட் டிசி கொடுத்தேன். (செட்டுக்குள் வைத்துச் செய்ய வேண்டாம். இந்த மாதிரி செட்டில் சேஸியே, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே, மெயின் லைனின் ஒரு முனையில் இருக்கும், தொட்டால் ஆபத்து.) கசியும் கரன்டைக் காட்டும் மில்லிஆம்பியர் மீட்டரின் முள் முதலில் 3இல் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். 2, ஒன்றரை, அரை மணி நேரத்தில் 1க்குக் கீழே. தோல் தடித்துக்கொண்டு வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் 100 வோல்ட், அப்புறம் 150.

சிறு தீயில் பாலை வைத்துப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. தீயைக் கூட்டினால் பொங்கிக் கொட்டிவிடும். தணித்து வைத்தால் ஏடு தானாகக் கட்டும். இதில் வோல்ட்தான் தீ.

இப்போது வந்த சொற்களைப் பார்ப்போம். 'சீர்திருத்தம்' கூடாது. ஆங்கிலச் சொல்லுக்கே இங்கே திருத்துவது என்ற பொருள் இல்லை, மறுபடி உருவாக்குவது என்பதுதான் பொருள். 'மீளுருவாக்கம்' பொருளில் சரி, ஆனால் அகலம் அதிகம். இந்த டிவியை மீட்கும் வேலை முழுவதையும் அப்படிச் சொல்லலாம். அதோடு, புதிதாகக் கற்கும் ஒருவர் அந்தச் சொல்லை நம்பிப் பேப்பர் கண்டன்சரையும் 'மீளுருவாக்க' உட்கார்ந்துவிடுவார். பேப்பரில் இப்படி வளரும் தோல் கிடையாது, கெட்டால் மாற்றத்தான் வேண்டும். 'ஏடு' என்றால் ஏடு உள்ளதற்கு மட்டும் இந்த வைத்தியம் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

'படலமீட்பு' எனக்குப் பிடித்தது. குறை ஒன்றுதான்: தொழிற்சாலையில் முதன்முதலில் தோல் உண்டாக்குவதற்கு அது பொருந்தாது. ஏடுகட்டல் என்று வைத்தால் அங்கே நடப்பது ஏடுகட்டல், இங்கே நான் செய்வது மறு ஏடுகட்டல். ஏடுகட்டு மின்னழுத்தம், ஏடு மெலிவு என்று பிள்ளைச் சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன.

ஏடு என்றால் ஓலைச்சுவடி, ஏட்டுக்கட்டு என்று குழம்பாதா என்று ஒரு அக்கா தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தயிர் ஏட்டைச் சொல்லும்போது யாருக்கும் சுவடி நினைவு வருவதில்லையே? 'ஆடை' என்று மாற்றலாமா என்றும் பார்த்தேன். துணி வந்து முன்னால் நிற்கிறது, பாலாடை என்றால் குழந்தைக்குப் பால் புகட்டும் கிண்ணமும்தான். 'ஏடேற்றம்' என்றும் எழுதிப் பார்த்தேன். நாம் ஏற்றுவது வோல்ட்டை, ஏட்டை அல்ல. அது தானாகக் கட்டுவது. ஆகவே கட்டல்தான்.

நேற்று இரவு குவளையின் ஒரு பாதி 350 வரை ஏறி அமைதியாக நின்றது. மறு பாதிக்கு 200 வோல்ட் வந்ததும் முள் 6ஐ விட்டு இறங்கவே இல்லை. குவளையைத் தொட்டால் இளஞ்சூடு. உடனே நிறுத்திவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். இந்தச் சொல்லை அவரிடம் நான் விளக்கியதே இல்லை. "ஒரு பாதி ஏடு கட்டல அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப அந்தப் பாதியைக் கழட்டி விட்டுட்டு, சேஸிக்கு அடியில புதுசு ஒண்ணு போட்டுருங்க தம்பி" என்றார்.